இருபது லிட்டர் கடன்

முதல் நாள்

நைரோபி என்ற பெயர் மாசாய் மக்கள் பேசும் மா மொழியில் பிறந்தது. 'என்காரே நைரோபி' என்றால் குளிர்ந்த தண்ணீர். லாரிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு வியர்த்து வழிந்தபோது எங்கள் வேன் ஓட்டுநர்தான் இதைச் சொன்னார். கையில் இருந்த பாட்டிலில் தண்ணீர் சுட்டது.

நாங்கள் பத்து மாணவர்கள், கல்லூரிப் போதகர் ஐயா, அவர் மனைவி. கென்யாவின் கஜியாடோ மாவட்டத்தில் ஒரு மாசாய் ஊர்ப் பள்ளியில் எட்டு நாள் ஊழியப் பயணம். பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி அமைப்பது, பிள்ளைகளுக்குப் பல் பராமரிப்பு வகுப்பு எடுப்பது, ஞாயிறு ஆராதனையில் கலந்துகொள்வது, இவ்வளவுதான் திட்டம். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. பள்ளி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். போன முறை வந்த யாரோ பிள்ளைகளின் படத்தைப் போட்டு ஏதேதோ எழுதிவிட்டார்களாம்.

கிட்டங்கேலா, இசின்யா, கஜியாடோ, பிசில் என்று தெற்கே இறங்கினால் கடைசியில் நமங்கா. அதற்கு அப்பால் தான்சானியா. கிட்டங்கேலா தாண்டும்வரை வழியெல்லாம் அடுக்குமாடிகள், பிளாட் போட்ட நிலங்கள். பல சுவர்களில் சிவப்பு பெயிண்டில் ஒரே வாசகம்: 'இந்த நிலம் விற்பனைக்கு அல்ல'. விற்காத நிலத்துக்கு எதற்கு விளம்பரம் என்று நாமக்கல் தம்பி கேட்டான். உங்களுக்கே தெரியாமல் உங்கள் நிலத்தை வேறொருவர் விற்றுவிடுவார், அதற்குத்தான் என்றார் ஓட்டுநர். நம் ஊர் வில்லங்கச் சான்றிதழ் ஞாபகம் வந்தது.

பிசிலில் தார்ச்சாலையை விட்டு இறங்கி மண்பாதையில் ஒன்றரை மணி நேரம். குடை விரித்த வேலமரங்கள், செம்மண் புற்றுகள், தொலைவில் ஒல் தோய்ன்யோ ஒரோக் மலை. பெயருக்கே கருமலை என்றுதான் பொருள். பள்ளியின் பின்னால் உள்ள பெரிய புற்றின் மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கிறது. இதையும் அங்கே நின்றுதான் அனுப்புகிறேன். எல்லோரும் கேட்கும் கேள்விக்கு முதலிலேயே பதில்: இல்லை, சிங்கம் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள்

பெரியவர்களைப் பார்த்தால் பிள்ளைகள் கை நீட்டுவதில்லை. கிட்டே வந்து தலையைக் குனிந்து நிற்கிறார்கள். நாம் உச்சந்தலையில் கை வைக்க வேண்டும். முதல் பிள்ளை குனிந்தபோது எதையோ கீழே தவறவிட்டுத் தேடுகிறான் என்று நினைத்து நானும் குனிந்து தேடினேன். அப்புறம் வரிசையாக இருநூற்று நாற்பது தலைகள். வணக்கம் சொல்ல 'சோபா', பதிலுக்கு 'ஈபா'. எங்கள் கூட்டத்துக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "சோபா எங்கே, உட்காரணும்" என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பல் வகுப்பு காலை பத்து மணிக்கு. சூட்கேஸ் நிறைய பிரஷ், முந்நூறு சிறிய பற்பசைக் குழாய்கள், ஒரு பெரிய படம். படத்தில் வெள்ளைப் பல்லுக்குப் பக்கத்தில் சிரிக்கும் முகம், பழுப்புப் பல்லுக்குப் பக்கத்தில் அழும் முகம். நர்சிங் படிக்கும் அக்கா படத்தை விரித்து, "எல்லாரும் சிரிங்க பார்க்கலாம்" என்றார். சிரித்தார்கள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முன்வரிசையில் பாதிப் பேருக்கு மேல் பல்லில் பழுப்புக் கோடுகள், சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள், சிலருக்கு ஓரம் பொடிந்த பல். இது தேய்க்காத பல் இல்லை. நான் பாலக்கோடு பக்கம் பிறந்தவள். இந்தப் பல்லைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். எங்கள் பெரியப்பா மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "கொஞ்சம் சிரிம்மா" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் காபியை எடுத்தார்கள். தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பால்பல் விழுந்து முளைக்கும் பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை பல்லோடு சேர்ந்தே வளரும். எந்தப் பசை போட்டுத் தேய்த்தாலும் போகாது. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பிடித்துக்கொள்ளும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எங்கள் மாவட்டத்துக்கு வந்ததே இதற்காகத்தான்.

அக்காவின் காதில் சொன்னேன். அவர் ஒரு பற்பசைக் குழாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஃபுளோரைடு உள்ளது என்று பெருமையாகப் போட்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் பற்பசையைப் பாதி விழுங்கிவிடுவார்கள். தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நாங்கள் வேறு எடுத்து வந்து கொடுப்பதா? படத்தைச் சுருட்டினோம். பிரஷை மட்டும் கொடுத்துவிட்டு, கைகழுவும் பாட்டு ஒன்றைப் பாடி வகுப்பை முடித்தோம். அழும் முகத்தை எத்தனை பிள்ளைகள் பார்த்தார்களோ தெரியவில்லை.

மதியம் சமையல்கூடத்தில் சோளமும் பீன்ஸும் வெந்துகொண்டிருந்தன. அவை சீக்கிரம் மசிய சமையல்கார அம்மா ஒரு வெள்ளைக் கட்டியை நுணுக்கிப் போட்டார். மகாடி ஏரியில் விளையும் சோடா உப்பு, பெயரும் மகாடிதான். விறகு மிச்சம். ஆனால் அதிலும் ஃபுளோரைடு உண்டு. அதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து இன்று வாயை மூடிக்கொண்டேன். வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இன்னொருவர் அடுப்படியில் நின்று குறை சொல்ல மனம் வரவில்லை.

மூன்றாம் நாள்

கொத்தனாரை இங்கே ஃபுண்டி என்கிறார்கள். எங்கள் ஃபுண்டி மச்சாக்கோஸ் பக்கத்துக் கம்பா இனத்தவர், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். நேற்று சாயங்காலம், "நாளை சா தாத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். விமானத்தில் சுவாஹிலி எண்கள் கற்ற நாமக்கல் தம்பி, "தாத்துன்னா மூணு, மூணு மணிக்கு வேலை" என்று அறிவித்துவிட்டான். நாங்கள் காலை முழுக்கப் பிள்ளைகளோடு கால்பந்து விளையாடினோம். மனிதர் காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவாஹிலியில் மணி எண்ணுவது சூரிய உதயத்திலிருந்து. காலை ஏழு மணிதான் ஒன்று, ஒன்பது மணிதான் மூன்று. நம் பாட்டன்மாரும் உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள். சரி, அதைச் சொல்லி அவரிடம் தப்பிக்க முடியுமா?

தொட்டிக்கு வட்டமான கான்கிரீட் மேடை போட வேண்டும். கருங்கல் அடுக்கி, மேலே கம்பி வலை, அதற்கு மேல் கலவை. பள்ளிச் சுவரோரம் இரண்டு நீல டிரம் நிறையத் தண்ணீர் தயாராக இருந்தது. மொண்டு மொண்டு ஊற்றினோம். மாலைக்குள் மேடை முடிந்தது. ஃபுண்டி அதன் மேல் கோணிப்பையை விரித்து நனைத்தார். தினமும் இரண்டு வேளை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்றார். டிரம்மில் கை கழுவிக்கொண்டு படுக்கப் போனோம். உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.

நான்காம் நாள்

இன்று பெண் பிள்ளைகள் நால்வர் மட்டும் தண்ணீர் எடுக்கப் போகும் அம்மாக்களோடு போனோம். யாரும் கூப்பிடவில்லை, நாங்களாகத்தான் கேட்டோம். பெரிய பெண்களை 'யேயோ' என்று கூப்பிடுகிறோம். அம்மா என்று பொருள். எங்களை அழைத்துப்போன யேயோவுக்கு நாற்பது வயது சொல்லலாம். கழுத்தில் தட்டு மாதிரி மணி ஆரம், காலில் டயரை அறுத்துச் செய்த செருப்பு. எனக்கு ட்ரெக்கிங் ஷூ. முதல் அரை மணி நேரத்தில் மூன்று முறை நின்று ஷூவுக்குள் புகுந்த முள்ளை எடுத்தேன். அவர் ஒரு முறைகூட நிற்கவில்லை.

கடைத்தெருப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது, முக்கால் மணி நடை. ஆனால் யேயோ அந்தப் பக்கம் திரும்பவில்லை. காய்ந்த ஆற்றுப்படுகைக்குப் போனார், அது ஒன்றரை மணி நடை. கூட வந்த ஆசிரியை மொழிபெயர்த்தார்: "குழாய்த் தண்ணீர் மாட்டுக்கும் துணிக்கும். பிள்ளைகள் குடிக்க மணல் தண்ணீர். குழாய்த் தண்ணீர் பல்லைத் தின்னும்." இரண்டாம் நாள் வகுப்பில் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி நான் அக்காவின் காதில் சொன்னதை இவர் போகிற போக்கில் சொன்னார். அப்படியானால் பிள்ளைகளுக்கு ஏன் கறை என்று கேட்டேன். வறட்சியில் ஆற்று மணலும் காய்ந்துவிடும், அப்போது குழாயைத் தவிர வேறு வழி ஏது என்றார். 2020 கடைசியில் தொடங்கி ஐந்து மழைக்காலம் தொடர்ந்து பொய்த்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பல் உருவான காலமும் அதுதான். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறது.

ஆற்றில் மணலைத் தோண்டிய குழி, ஆள் இடுப்பளவு ஆழம். யேயோ உள்ளே இறங்கி டின் மூடியால் தண்ணீரை வழித்து வழித்து மஞ்சள் கேனில் விட்டார். சமையல் எண்ணெய் வந்த இருபது லிட்டர் கேன்கள். ஒன்று நிறைய இருபது நிமிடம் ஆனது. ஊறும்வரை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் சேறு கலங்கும். கழுதைக்கு நான்கு கேன், பக்கத்துக்கு இரண்டாகத் தோல்வாரில் கட்டுகிறார்கள். ஒரு கேனை மட்டும் யேயோ தானே முதுகில் போட்டு வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டார். நானும் கேட்டு வாங்கி மாட்டினேன். பத்து அடி எடுத்து வைத்திருப்பேன், கழுத்தை யாரோ பின்னால் பிடித்து மடக்குவது போல இருந்தது. இறக்கிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

திரும்பும் வழியில்தான் கேட்கத் தோன்றியது: பள்ளியில் இருந்த இரண்டு டிரம் தண்ணீர் யார் கொண்டுவந்தது? யேயோ தன் கழுதையின் முதுகைத் தட்டிக் காட்டினார். நானூறு லிட்டர், ஐந்து கழுதைச் சுமை. கலவைக்கு என்று கேட்டார்களாம், இவரும் இன்னும் இரண்டு பேரும் இரண்டு நாள் நடந்து நிரப்பினார்களாம். அதில்தான் நாங்கள் சோப்புப் போட்டுக் கை கழுவினோம்.

ஐந்தாம் நாள்

எனக்குக் காய்ச்சல், நாள் முழுக்கப் படுக்கை. மலேரியாப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, வெயில்தான். வெளியே ஆடு வெட்டி விருந்து நடந்திருக்கிறது. நாமக்கல் தம்பிக்குச் சிறுநீரகத்தைப் பச்சையாக நீட்டியிருக்கிறார்கள், விருந்தாளிக்கு அது மரியாதை. சாப்பிட்டேன் என்கிறான். சாட்சி யாரும் இல்லை. எனக்கு ஒரு பாட்டி, கோக்கோ என்றால் பாட்டி, சுரைக்குடுவையில் பால் கொண்டுவந்து கொடுத்தார். குடுவையை ஆலிவ் மரக் கொள்ளிக்கட்டையால் உள்ளே தீய்த்துச் சுத்தம் செய்வார்கள், அதனால் பாலில் புகை வாசம். அம்மா எப்போதோ அடிபிடிக்க விட்ட பாலின் வாசமும் அதேதான். இரண்டு குவளை குடித்தேன்.

ஆறாம் நாள்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நேற்று மாலை தொட்டி வந்து இறங்கியிருந்தது. கறுப்பு பிளாஸ்டிக், 10,000 லிட்டர். இன்று கூரை ஓரத்தில் தகரப் பீலி கட்டும் வேலை. ஃபுண்டிக்கு வேறொரு வீட்டில் வேலை, மத்தியானம்தான் வருவேன் என்றார். சிவில் மூன்றாம் ஆண்டு அண்ணன், "இது என்ன பெரிய விஷயம், பத்து அடிக்கு ஒரு அங்குலம் சரிவு, நானே முடிக்கிறேன்" என்று ஏணியில் ஏறினார். அறுபது அடி நீளம், ஆறு அங்குல இறக்கம். மட்டம் பார்க்க ட்யூப் லெவல் கையில் இருந்தது. ஆனால் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு சொம்பு போதும். நான்காம் நாள் கதையைக் கேட்டதிலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் விஷயத்தில் குற்ற உணர்ச்சி. "வீணாக்க வேண்டாம், தரையிலிருந்து டேப் பிடித்து அளந்துவிடலாம்" என்றார் அண்ணன். நாங்களும் தலையாட்டினோம். நான்தான் முதலில் தலையாட்டினேன்.

பதினோரு மணிக்குப் பீலி தயார், பார்க்க அழகாகவே இருந்தது. சரிபார்க்க வேண்டுமே. அந்த நேரம் பார்த்து யேயோ கழுதையோடு பள்ளி வழியே வந்தார். போதகர் ஐயா ஒரு கேன் தண்ணீர் கேட்டார். என்னத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. கட்டை அவிழ்த்துக் கொடுத்தார்.

அண்ணன் கூரையின் மறுகோடியில் கேனைக் கவிழ்த்தார். தண்ணீர் தகரத்தில் இறங்கிப் பீலிக்கு வந்து ஒரு நொடி தயங்கியது. பிறகு தொட்டிக்கு எதிர்ப்பக்கம் ஓடியது. கடைசி மூலையில் கொட்டிச் செம்மண்ணில் விழுந்து, குமிழி விட்டு, போய்விட்டது. ஒரு கோழி ஓடிவந்து ஈரத்தைக் கொத்தியது.

தரை சமதளம் இல்லை. தொட்டிப் பக்கம் எட்டு அங்குலம் மேடு. தரையிலிருந்து அளந்தால் பீலியும் அந்த மேட்டோடு சேர்ந்து ஏறத்தானே செய்யும்! ஒரு சொம்பை மிச்சம் பிடிக்கப் போய் இருபது லிட்டரை மண்ணுக்குக் கொடுத்தோம்.

நான் யேயோவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை. ஈரமான இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காலிக் கேனை வாங்கிக் கழுதையின் மேல் கட்டினார், வீட்டுப் பக்கம் போகாமல் வந்த வழியே திரும்பினார். அண்ணன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் ஃபுண்டி வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ட்யூப் லெவலை எடுத்து, தான் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றினார். வேலை முடிந்ததும் குழாயைக் கவிழ்த்து, அந்தத் தண்ணீரை மேடையின் கோணியில் விட்டார்.

ஏழாம் நாள், ஞாயிறு

ஆராதனை வேலமரத்தடியில். பெண்கள் பாடும்போது தோளைக் குலுக்க, கழுத்தாரங்கள் தட்டுத் தட்டாக எழும்பி விழுகின்றன. ஜெபத்தில் 'என்காய்' என்ற சொல் திரும்பத் திரும்பக் கேட்டது. மா மொழியில் கடவுளுக்கு அதுதான் பெயர், வானத்துக்கும் மழைக்கும் அதே சொல்தான். வேதாகமத்திலும் அப்படியே வைத்திருக்கிறார்களாம். கருப்பு என்காய் நல்லது, மழை தரும். சிவப்பு என்காய் கோபக்காரி, வறட்சி. மாரி என்றால் மழை, மாரி என்றால் அம்மன் என்று சொல்லி வளர்ந்தவளுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. போதகர் ஐயாவிடம் சொன்னேன். "அதை மேடையில் சொல்லிடாதம்மா" என்றார்.

ஆராதனை முடிந்து ஒரு பெரியவர் எங்களோடு உட்கார்ந்தார். அவர் பாட்டனார் காலத்தில் இவர்கள் வடக்கே லைக்கிப்பியாப் புல்வெளியில் இருந்தவர்கள். 1904, 1911 ஒப்பந்தங்களைக் காட்டி வெள்ளைக்காரர்கள் நிலத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டு இவர்களைத் தெற்கே நகர்த்தினார்கள். மாசாய்கள் 1913-ல் கோர்ட்டுக்கே போனார்கள், வழக்கு தள்ளுபடி ஆனது. பெரியவர் நேற்று நடந்தது போலச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் வீட்டில் எத்தனை மாடு என்றார். ஒன்று இருந்தது, விற்றுவிட்டோம் என்றேன். மிகுந்த இரக்கத்தோடு தலையை ஆட்டினார். உலகத்து மாடுகளையெல்லாம் என்காய் மாசாய்க்குத்தான் கொடுத்தார், ஆகவே அந்த மாடும் எங்களுடையதுதான், யாரிடம் விற்றீர்கள் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இரவு கணக்குப் போட்டோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். பள்ளிக் கூரையின் இரண்டு பக்கமும் சேர்த்து 140 சதுர மீட்டர். சிந்தியது, ஆவியானது, முதல் மழையில் அழுக்கோடு வெளியே விட்டது போக, 90 மில்லிமீட்டர் மழை பெய்தால் தொட்டி நிறையும். ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஒரு லிட்டர் என்றால் நாற்பது நாள் வரும். ஒரு பள்ளிப் பருவம் மூன்று மாதம். இரண்டாவது தொட்டிக்கு யார் பணம் தருவார்கள் என்று அண்ணன் கேட்டார். நம் பன்னிரண்டு பேர் விமான டிக்கெட்டில் எத்தனை தொட்டி வாங்கலாம் என்று நர்சிங் அக்கா திருப்பிக் கேட்டார். போதகர் ஐயா விளக்கை அணைக்கச் சொன்னார்.

எட்டாம் நாள்

வேன் பதினொன்றுக்கு. நேற்று இரவே முடிவு செய்திருந்தோம், கடனை வைத்துவிட்டுப் போகக் கூடாது. நான், சிவில் அண்ணன், நாமக்கல் தம்பி, நர்சிங் அக்கா நால்வரும் விடியுமுன் கிளம்பி ஆற்றுப்படுகைக்குப் போனோம். கழுதை இல்லாமல் ஒரே ஒரு கேன். குழியில் இறங்கி வழித்தது நான். யேயோவுக்கு இருபது நிமிடம், எனக்கு ஐம்பது. நூறு அடிக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றிச் சுமந்தோம். வெயில் ஏற ஏற நூறு ஐம்பதாகி, ஐம்பது முப்பதானது. தம்பி கடைசியில் கேனைக் குழந்தை மாதிரி இரு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தான். சட்டை முழுக்க ஈரம், வியர்வை என்று நினைத்தோம்.

யேயோவின் வீட்டு வாசல் குனிந்து நுழையும் உயரம். சாணமும் சாம்பலும் மண்ணும் குழைத்து அவரே கட்டிய வீடு. இங்கே வீடு கட்டுவது பெண்கள் வேலை. கேனை வாசலில் இறக்கி வைத்து, அவர் முன் தலையைக் குனிந்து நின்றோம். நான்கு தலையிலும் கை வைத்தார். பிறகு கேனை ஒரு கையால் தூக்கி ஆட்டிப் பார்த்தார். காதருகே வைத்துக் கேட்டார். மூடியைத் திருகி ஆசிரியையிடம் காட்டி ஏதோ சொன்னார்.

மூடிக்குள் ரப்பர் வாஷரைப் போட மறந்துவிட்டீர்கள், மூன்று லிட்டர் குறைகிறது என்று ஆசிரியை மொழிபெயர்த்தார்.